எல்லாரும் வந்தாச்சா?

மார்கழி விடியலில் ஒரு வீட்டு வாசல். வெளியே பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். உள்ளே ஒருத்தி இன்னும் எழுந்திருக்கவில்லை. இன்னுமா உனக்கு விடியல என்று வெளியிலிருந்து கேட்கிறார்கள். அவள் அதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்று கேட்கிறாள்: எல்லாரும் வந்தாச்சா? வெளியே நிற்பவர்களுக்குச் சுருக்கென்கிறது. எண்ணித்தான் சொல்லணும், அந்தச் சாக்குல நீ இன்னொரு தூக்கம் போட்டுடுவ. எங்களால ஆகாது, நீயே எழுந்து வந்து எண்ணு, தலை குறைஞ்சா திரும்பப் போய்ப் படுத்துக்கோ.

திருவெம்பாவையின் நான்காம் பாட்டு கிட்டத்தட்ட இதுதான். மாணிக்கவாசகர் பாடியது பக்திப் பாட்டு, அதில் சந்தேகமே இல்லை. உருகுகிற வரிகளும் இதே பாட்டில் இருக்கின்றன. ஆனால் பாட்டை நகர்த்துவது உருக்கம் அல்ல, இந்தச் சின்னச் சண்டை. தமிழில் நண்பர்களின் காலைப் பேச்சை யார் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டால் நான் நவீன உரைநடைப் பக்கமே போகமாட்டேன். நேராக இங்கேதான் வருவேன்.

ஏனென்றால் நம் நவீன இலக்கியத்துக்குப் பேச்சு என்றால் சாயங்காலம்தான். திருநெல்வேலியில் டி.கே.சி.யின் வட்டத்தொட்டி, கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் சென்னையில் நடத்திய சபை, இதெல்லாம் பொழுது சாய்ந்தபின் கூடுகிற பேச்சு. ஒருவர் மலைபோலப் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு அதை நினைவுக் குறிப்பாக எழுதுவார்கள். காலைப் பேச்சை யாரும் குறித்து வைப்பதில்லை. குறித்து வைக்க அதில் என்ன இருக்கிறது? டீ ஆச்சா, மழை உண்டா, நேத்து ஏன் காணோம். அவ்வளவுதான். 'வெட்டி அரட்டை' என்ற சொல்லை நாம் உண்டாக்கியதே இதற்காகத்தான்.

நான் ஒரு மாடித்தோட்ட வாட்சப் குழுவில் இருக்கிறேன். பாதிப் பேர் கடலூர்ப் பக்கம்: மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர், முதுநகர். மீதிப் பேர் சிதம்பரம், அண்ணாமலை நகர், புவனகிரி. ஊர் ரெண்டுக்கும் நடுவே நாற்பத்தஞ்சு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். பெரும்பாலானவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் எவ்வளவு, கத்தரி நாற்று யாரிடம் மிச்சம், குரோ பேக் எந்தக் கடையில் மலிவு என்பதுதான் குழுவின் தொழில். ஆனால் அந்தப் பேச்சு ஒன்பது மணிக்கு மேல்தான். அஞ்சரையிலிருந்து ஏழு வரை நடப்பது வேறு:

"வணக்கம் மக்களே."

"வணக்கம். இங்க நல்ல தூறல்."

"சிதம்பரத்துல ஒரு பொட்டு இல்ல. சுள்ளுனு அடிக்கப்போவுது."

"அப்ப தண்ணி ஊத்திடுங்க. டீ ஆச்சா?"

"பால் இப்பத்தான் பொங்குது."

"முதுநகர் அக்காவ ரெண்டு நாளா காணோமே?"

"பேரன் வந்துருக்கான்னு சொன்னாங்க."

இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். தகவல் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: கடலூரில் தூறல், சிதம்பரத்தில் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு அது தேவைதான். மீதி எல்லாம் காலி. இந்த மாதிரிப் பேச்சுக்கு மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் 1923லேயே ஒரு பெயர் வைத்துவிட்டார். டிரோபிரியாண்ட் தீவுகளில் பார்த்ததை வைத்து, பொருளைச் சொல்லாமல் உறவை மட்டும் கட்டுகிற பேச்சு என்று அதை வகைப்படுத்தினார். சரியான அவதானிப்பு. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அது எல்லா வணக்கங்களையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. மேலே உள்ள பேச்சில் கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே காட்டிக்கொள்ளாமல், தினமும், ஒரு தலை குறைவதைக் கவனிக்கிறார்கள். காலைப் பேச்சின் பொருள் அந்தக் கணக்குதான் என்பது என் வாதம். அது மாணிக்கவாசகருக்குத் தெரிந்திருக்கிறது, ஆண்டாளுக்கும் தெரிந்திருக்கிறது.

திருப்பாவையின் பதினைந்தாம் பாட்டிலும் இதே வேடிக்கை வருகிறது. உள்ளே இருப்பவள் எல்லாரும் வந்தாச்சா என்கிறாள். வந்தாச்சு, வந்து எண்ணிக்கோ என்கிறார்கள். இரண்டு பாட்டுக்கும் பொதுவான இன்னொரு கேலியும் உண்டு. நாளைக்கு நானே வந்து உங்களையெல்லாம் எழுப்புறேன் என்று முந்தின நாள் வாய் பேசியவள், மறுநாள் எல்லோரையும்விட அதிகமாகத் தூங்குகிறாள். திருவெம்பாவையில் ஆறாம் பாட்டு, திருப்பாவையில் பதினாலாம் பாட்டு. வெட்கமே இல்லையா உனக்கு என்று இரண்டிலும் கேட்கிறார்கள். ஒருவர் சைவம், ஒருவர் வைணவம். யார் முந்தி, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்ற ஆராய்ச்சி ஒருபக்கம் நடக்கட்டும். எனக்குத் தோன்றுவது, இந்த ரெண்டு ஜோக்கும் ரெண்டு கவிகளுடையதும் அல்ல. பாவை நோன்புக்குத் தெருவில் போன பெண்களுடையது. கடவுளை மாற்றிப் பாடலாம். எழுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கியவளைக் கேலி செய்வதை மாற்ற முடியாது. எங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். "நாளைலேருந்து நான்தான் ஃபர்ஸ்ட்" என்று மாதம் ஒருமுறை அறிவிப்பார். பிறகு எட்டரைக்கு வருவார்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் பெயர் இல்லை. ஒளிக்கண்காரி, முத்துப்பல்காரி, மானே, கிளியே. முகத்தில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். குழுவில் எங்களுக்கும் அப்படித்தான்: முதுநகர் அக்கா, செம்பருத்தி டிபி, புவனகிரி தம்பி. பெயர் தெரியாததால் நெருக்கம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இப்போது நம் காலத்தின் மிகப் பெரிய காலை இலக்கியத்துக்கு வருவோம்: 'இனிய காலை வணக்கம்' படங்கள். 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி வெளியிட்டது. இந்தியர்களின் போன்கள் ஏன் இப்படி உறைந்து நிற்கின்றன என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் தேடிப்போனார்கள். கடைசியில் அகப்பட்டவை லட்சக்கணக்கான குட்மார்னிங் படங்கள். சூரியன், ரோஜா, குழந்தை, டீக்கோப்பை, கலாம் சொல்லாத ஒரு பொன்மொழி. கூகுள் தன் ஃபைல்ஸ் கோ செயலியில் இந்தப் படங்களைத் தேடிப்பிடித்து ஒட்டுமொத்தமாக அழிக்க வழி செய்தது.

இலக்கிய நண்பர்கள் இந்தப் படங்களைக் கிண்டல் செய்வது ரசனையின் பேரில். நிறம் கூச்சம், எழுத்துரு கொடுமை, பொன்மொழி பொய். எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. நம் வீட்டு நாட்காட்டிகளும் அப்படித்தான் இருந்தன, அவற்றோடுதான் வளர்ந்தோம். குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் படம் பதிலை எதிர்பார்ப்பதில்லை. அனுப்பியவர் அதே படத்தைப் பதினாறு குழுக்களுக்குத் தள்ளிவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டார். திருவெம்பாவைப் பெண்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, அவளுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு கேலியைச் சொல்கிறார்கள். நேத்து நீ சொன்னது இது, வழக்கமா எங்களுக்கு முன்னாடி நீதான் வந்து நிப்பே, இன்னிக்கி என்ன? படம் அனுப்புகிறவர் கதவைத் தட்டவில்லை, கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகிறார். "டீ ஆச்சா?" என்பது அந்தப் பொன்மொழியைவிட மேலான இலக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். அதற்கு ஆச்சு, இல்லை என்று யாராவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு வெற்றிடம் தெரியும்.

அந்த வெற்றிடம் எவ்வளவு பெரியது என்பதற்குக் கடலூர்க்காரர்களுக்கு உதாரணம் தேட வேண்டாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனக் காலம், மாணிக்கவாசகர் திருமேனியின் முன்னால் திருவெம்பாவை ஒலிக்கிற நாட்கள். அந்தக் காலை 6.29க்கு சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அந்த நேரத்தில் அந்தமானின் போர்ட் பிளேரில் ஹாம் ரேடியோக் குழு ஒன்று முகாமிட்டிருந்தது. தலைமை பாரதி பிரசாத். அவர்கள் வந்தது பொழுதுபோக்குக்காக. பல ஆண்டுகளாக ஹாம் குரலே எழாத தீவு என்பதால், உலகம் முழுக்க இருந்த ஹாம் ரேடியோக்காரர்கள் வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அந்த அழைப்புக்குறியைப் பிடிக்கக் காத்துக்கிடந்தார்கள்.

இப்படிப்பட்ட முகாமில் ஹாம்கள் என்ன பேசிக்கொள்வார்கள் தெரியுமா? அநேகமாக ஒன்றுமில்லை. உன் அழைப்புக்குறி, என் அழைப்புக்குறி, 'ஐந்து ஒன்பது'. அதாவது உன் குரல் தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது. சரியாகக் கேட்காவிட்டாலும் ஐந்து ஒன்பது என்றே சொல்வது வழக்கமாகிவிட்டது. சில நொடிகளில் முடிந்தது, அடுத்த ஆள். பிறகு தபாலில் ஒரு அட்டை வரும், ஆமாம், நாம் பேசினோம் என்று. வெட்டி அரட்டையின் உச்சம் என்று வெளியாட்களுக்குத் தோன்றும். நான் கேட்கிறேன், நீ இருக்கிறாய், குறித்துக்கொண்டேன் என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை. அன்றைக்கு அந்தமானில் மற்றத் தொடர்புகள் அறுந்தபோது அதே கருவிகளும் அதே ஆட்களும்தான் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியை வெளியே கொண்டுசேர்த்தார்கள். பேசுகிற முறைகூடப் பெரிதாக மாறியிருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அவர்கள் தினமும் செய்துகொண்டிருந்தது எண்ணிக்கைதான்.

கடலூர்க் கரைக்கு அலை வந்தது எட்டரை, ஒன்பது மணிவாக்கில். தேவனாம்பட்டினம், தாழங்குடா, பரங்கிப்பேட்டைப் பக்கம் சாமியார்பேட்டை. மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கினார்கள். அங்கே எல்லோர் வாயிலும் இருந்திருக்கக்கூடிய முதல் கேள்வியை நினைத்துப் பார்த்துவிட்டு நான்காம் பாட்டுக்குத் திரும்பினால், தலை குறைஞ்சா போய்ப் படுத்துக்கோ என்ற அந்தக் கேலியைச் சிரித்துக்கொண்டே படிக்க முடியவில்லை. பாட்டு அதே பாட்டுதான். அதில் முதலிலிருந்தே இருந்த ஒரு பயம் இப்போது கண்ணில் படுகிறது: எண்ணினால் குறையலாம்.

அதன்பிறகு இந்த ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன பயம். 2011 டிசம்பர் 30, அதுவும் மார்கழிக் காலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணை கடலூருக்குள் வந்தது. அந்தக் காலை எங்கள் குழுவில் செடியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வணக்கம்கூட இல்லை. ஊர்ப்பெயர்கள் மட்டும் வந்தன. "மஞ்சக்குப்பம் ஓகே." "திருப்பாப்புலியூர், கரண்ட் இல்ல, சார்ஜ் இருபது, இருக்கோம்." புவனகிரியிலிருந்து ஒருவர், "இன்னும் நாலு பேர் சொல்லல" என்று போட்டார். அவரிடம் பட்டியல் எதுவும் இல்லை. தினமும் காலையில் வருகிறவர்கள் யார் யார் என்று மனசில் இருந்திருக்கிறது, அதை வைத்துச் சொன்னார். குழுவில் மொத்தம் நூற்று எழுபது பேர். காலையில் வாய் திறக்காத நூற்று முப்பது பேரை அவரால் எண்ணியிருக்க முடியாது.

இதுவரை சொன்னதை வைத்து, படம் அனுப்புகிறவர்கள் வெளியாட்கள், பேசுகிறவர்கள் உள்ளாட்கள் என்று கோடு போட்டுவிடலாம் போலிருக்கிறது. ஆனால் அந்தக் கோடு நிற்கவில்லை. போன வருஷம் எங்கள் அட்மின் காலை வணக்கப் படங்களுக்குத் தடை போட்டார். போன் நிரம்பிவிடுகிறது, உருப்படியான தகவல் அடியில் போய்விடுகிறது என்ற வழக்கமான காரணம்தான். பேச்சு சுத்தமானது, உண்மை. ஆனால் அண்ணாமலை நகரில் இருக்கும் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்றவர், தினமும் அஞ்சு பத்துக்கு ஒரு ரோஜா அனுப்புகிறவர், அன்றோடு காணாமல் போனார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் புவனகிரிக்காரர் கேட்டார், அய்யா எங்க? பக்கத்துத் தெருவில் இருந்த ஒருவர் போய்ப் பார்த்தார். பெரியவர் நன்றாகத்தான் இருந்தார். "படம் போடக்கூடாதுன்னுட்டீங்க. எனக்கு தமிழ்ல டைப் அடிக்க வராது தம்பி. இங்கிலீஷ்ல அடிச்சா அசிங்கமா இருக்கு" என்றாராம். அவருக்கு அந்த ரோஜாதான் 'உள்ளேன் ஐயா'.

திருவெம்பாவையின் மூன்றாம் பாட்டில் உள்ளே இருப்பவள் இப்படித்தான் ஒன்று சொல்கிறாள். நீங்க பழைய அடியார்கள், விவரம் தெரிஞ்சவங்க, நாங்க புதுசு, எங்க குறையை மன்னிச்சு சேர்த்துக்கிட்டா உங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு? உடனே வெளியே இருப்பவர்கள் தணிந்துபோகிறார்கள். உன் அன்பு எங்களுக்குத் தெரியாதா என்கிறார்கள். ஆண்டாளிடம் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான். ஆண்டாளின் பெண்கள் வெளியே நின்று பொரிந்து தள்ளுகிறார்கள். கும்பகர்ணன் தன் தூக்கத்தை உனக்குக் கொடுத்துட்டுப் போயிட்டானா, மாமி, உங்க மக என்ன ஊமையா செவிடா என்கிறார்கள். பனி தலையில் சொட்டச் சொட்ட வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வேகமும் அழகும் அவளிடம்தான் அதிகம். ஆனால் படுத்திருப்பவளுக்கு வெளிப்படையாகப் பேச வாய் கிடைப்பது அந்தப் பதினைந்தாம் பாட்டில் மட்டும். மாணிக்கவாசகர் இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக உள்ளேயிருந்து பதில் வரவைக்கிறார். இரண்டாம் பாட்டில், சீச்சீ, கேலி பண்ற இடமா இது என்று அவள் கோபப்படவும் செய்கிறாள். வராதவளுக்கும் ஒரு தரப்பு உண்டு என்று அவருக்குத் தெரிகிறது.

உரைகாரர்கள் இதையெல்லாம் வேறு மாதிரி படித்தார்கள். 'சத்தியை வியந்தது' என்பது இந்தப் பகுதிக்கு மரபாக வழங்கும் தலைப்பு. சக்திகள் ஒருவரை ஒருவர் எழுப்புகிறார்கள், தூக்கம் என்பது மலம், விழிப்பு என்பது ஞானம். சித்தாந்தமாக அது பொருந்துகிறது. ஆனால் தத்துவச் சக்திகள் ஒருத்தியை ஒருத்தி வெட்கமில்லாதவளே என்று திட்டுவார்களா? உரை வந்து உட்கார்ந்ததும் தெரு காலியாகிவிடுகிறது, பனி போய்விடுகிறது, அந்தக் கேலிக்கு இடமில்லாமல் போகிறது. பொருள் போனாலும் சத்தம் மிஞ்சுவது இந்தப் பாட்டுகளின் இன்னொரு விதி. தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் திரியம்பாவாய், திரிபாவாய் என்று நடத்தும் சடங்கில் நம் பாவைப் பாட்டுகளின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே நமக்குச் சொல்லும் புரிகிறது, சத்தமும் கேட்கிறது, பேச்சை மட்டும் தவறவிடுகிறோம்.

அண்ணாமலை நகர்ப் பெரியவருக்கு யாரோ குரல்பதிவு அனுப்பக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது அஞ்சு பத்துக்கு இரண்டு நொடியில் ஒரு வணக்கம் வருகிறது, சில நாள் இருமலோடு, சில நாள் பின்னால் குக்கர் விசிலோடு. ரோஜாவைத் திறக்காமலே அழித்தவர்கள் இதைத் திறந்து கேட்கிறார்கள்.

பாட்டில் ஒரு இடம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எட்டாம் பாட்டில் கோழி கூவிவிட்டது, பறவைகள் சத்தம் போடுகின்றன, நாங்கள் பாடியதும் உனக்குக் கேட்கவில்லையா, வாயைத் திற என்று மன்றாடுகிறார்கள். ஒன்பதாம் பாட்டில் எல்லோரும் ஒரே குரலில் சிவனிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், உன் அடியாரையே நாங்கள் கணவராக ஏற்போம் என்று. நடுவே என்ன நடந்தது? எட்டு வீட்டில் ஒரு வீட்டுக் கதவாவது திறந்ததாக எங்கேயும் வரவில்லை. தாழ்ப்பாள் சத்தமோ, வந்துட்டேன் என்று ஒரு வார்த்தையோ இல்லை. உள்ளே படுத்திருந்தவள் வந்து எண்ணினாளா, கணக்கு சரியாக இருந்ததா என்பதும் இல்லை. ஒன்பதில் பேசுகிற அந்த 'நாங்கள்' எத்தனை பேர் என்று பாட்டில் எங்கேயும் கிடையாது.